மேஜையிலிருந்து விழும் துணிக்கைகள்: கானானியப் பெண்ணின் விசுவாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையின் வேதபாட வகுப்பு மத்தேயு 15ஆம் அதிகாரத்துக்கு வந்துவிட்டால் குறித்த நேரத்துக்குள் முடிந்ததே இல்லை. தன் மகளுக்காக இயேசுவின் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்த தாயைப் பற்றி ஒருவர் ஒன்று கேட்க, அதிலிருந்து இன்னொருவருக்கு வேறொன்று தோன்றும். வகுப்பு கலைந்து வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போதும் பேச்சு நீளும். அப்படிப் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்களைப் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி தந்திருக்கிறேன்.

இந்தச் சம்பவம் எங்கே நடந்தது? என்ன நடந்தது?

மத்தேயு 15:21–28, மாற்கு 7:24–30 ஆகிய இரண்டு இடங்களில் இது எழுதப்பட்டிருக்கிறது. இயேசு கலிலேயாவை விட்டுத் தீரு, சீதோன் பட்டணங்களின் திசைக்குப் போகிறார். இவ்விரண்டும் இன்றைய லெபனான் நாட்டின் கடற்கரையில் உள்ள ஊர்கள். யூதரல்லாதார் வாழ்ந்த பகுதி. ஒரு வீட்டுக்குள் போய், தாம் அங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாதிருக்க அவர் விரும்பினார் என்றும், ஆனாலும் மறைவாயிருக்க முடியவில்லை என்றும் மாற்கு சொல்லுகிறார்.

அந்த நாட்டுப் பெண் ஒருத்தி, "ஆண்டவரே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும், என் மகள் பிசாசினால் கொடிய வேதனைப்படுகிறாள்" என்று கூப்பிடுகிறாள். அவர் ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. அவளை அனுப்பிவிடும்படி சீஷர்கள் கேட்கிறார்கள். தாம் இஸ்ரவேல் வீட்டாரில் காணாமற்போன ஆடுகளிடத்திற்கே அனுப்பப்பட்டதாக அவர் சொல்லுகிறார். அவள் கிட்ட வந்து பணிந்து, "ஆண்டவரே, எனக்கு உதவிசெய்யும்" என்கிறாள். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல என்று அவர் சொல்ல, அவள், "மெய்தான் ஆண்டவரே, ஆகிலும் நாய்க்குட்டிகள் தங்கள் எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே" என்கிறாள். "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது, நீ விரும்புகிறபடி உனக்கு ஆகக்கடவது" என்கிறார் இயேசு. அந்நேரமே மகள் ஆரோக்கியமானாள்.

மத்தேயு "கானானியப் பெண்" என்கிறார், மாற்கு "கிரேக்கப் பெண்" என்கிறார். இருவர் வேறு வேறா?

ஒருத்திதான். மாற்கு, அவர் காலத்து வழக்கப்படி, மொழியாலும் பண்பாட்டாலும் கிரேக்கப் பெண் என்றும், பிறப்பால் சீரோபேனிக்கியா தேசத்தாள் என்றும் எழுதுகிறார். மத்தேயுவோ இஸ்ரவேலரின் பழைய பகைவர்களின் பெயரை எடுத்து அவளுக்கு இடுகிறார். அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், தேவன் இஸ்ரவேலருக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு வெளியே நிற்பவள் இவள் என்பது யூத வாசகருக்கு விளங்கிவிடும். அப்படிப்பட்டவளே, யூதர் எதிர்பார்த்த மீட்பருக்குரிய பட்டத்தால், இயேசுவைத் "தாவீதின் குமாரனே" என்று அழைப்பதை மத்தேயு கவனமாகப் பதிவுசெய்திருக்கிறார்.

அவள் ஏழையா?

இரண்டு நற்செய்தியாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஓய்வுநாள் பள்ளிப் படங்களில் அவளைக் கந்தல் உடுத்தியவளாகப் பார்த்துப் பழகியதால் நாம் அப்படி நினைத்துக்கொள்கிறோம். தீரு செல்வம் மிகுந்த துறைமுகம். அதன் வெள்ளிக்காசில்தான் எருசலேம் தேவாலய வரி செலுத்தப்பட்டது. ஆனால் அந்தப் பட்டணத்துக்கு வேண்டிய உணவு உள்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. தீருவும் சீதோனும், கலிலேயாவையும் ஆண்ட ஏரோது ராஜாவின் தேசத்தினால் பிழைத்தன என்று அப்போஸ்தலர் 12:20 சொல்லுகிறது. கலிலேய விவசாயியின் கோதுமை தீருவின் பந்தியில் அப்பமாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் "பிள்ளைகளின் அப்பம்" என்ற பேச்சு எழுகிறது. இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால், அவள் எவ்வளவு இறங்கிவந்து கேட்கிறாள் என்பது புரியும். அவளுடைய தாழ்மை வெறும் கையினால் வந்தது என்று முடிவுகட்ட வேதத்தில் ஆதாரமில்லை.

இயேசு ஏன் முதலில் மௌனமாயிருந்தார்?

காரணத்தை வேதம் சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், அவளுக்குள் மறைந்திருந்த விசுவாசம் எல்லாருக்கும் தெரியும்படி அவர் தாமதித்தார் என்று விளக்கினார். மார்ட்டின் லூத்தர், தவக்காலப் பிரசங்கம் ஒன்றில், கர்த்தருடைய "இல்லை" என்ற சொல்லுக்கு அடியில் ஆழமாய்ப் புதைந்துகிடந்த "ஆம்" என்பதை அவள் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டாள் என்ற கருத்தைச் சொன்னார். நெடுநாள் ஜெபித்தும் விடை காணாதவர்களிடம் பேசும்போது லூத்தரின் விளக்கமே எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் ஒன்று இந்த இடத்தில் உண்டு. "அனுப்பிவிடும்" என்று சீஷர்கள் கேட்டார்கள்; அவர் அனுப்பவில்லை. மௌனமாயிருந்தவர் அவள் நெருங்கி வந்து பணியும் தூரத்திலேயே இருந்தார். அந்த ஒரு சிறிய காரியம்தான் அப்போது அவளுக்குக் கிடைத்திருந்தது. அதைக் கொண்டே அவள் அடுத்த அடியை எடுத்துவைத்தாள்.

"நாய்க்குட்டிகள்" என்று சொன்னது அவமதிப்பு ஆகாதா?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. கேட்கிறவர்களில் பலர் சாதியின் பெயரால் இழிசொல் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களிடம் "அது செல்லமாகச் சொன்னது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நியாயமில்லை. மூலமொழியான கிரேக்கத்தில் "குனாரியோன்" என்ற சொல் இருக்கிறது. நாயைக் குறிக்கும் சொல்லின் சிறுமை வடிவம் அது, அதாவது சிறியது என்று காட்டும் வடிவம். வீட்டுக்குள் வளரும் குட்டியைக் குறிக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் "நாய்க்குட்டிகள்" என்று எழுதியது சரியே. ஆனாலும் குட்டி என்பதால் அந்தச் சொல்லின் கூர்மை முழுவதும் போய்விடுவதில்லை. அவளுக்கு அது வலித்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மாற்கு இன்னொரு சொல்லையும் காத்துவைத்திருக்கிறார்: "முந்தி பிள்ளைகள் திருப்தியடையட்டும்." முந்தி என்றால் பிந்தியும் உண்டு, அது வரிசையைப் பற்றிய பேச்சாகிறது, கதவு அடைபடவில்லை. அந்தத் திறப்பைத்தான் அவள் பிடித்துக்கொள்கிறாள். நம் வீடுகளில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கொல்லைப்புறத்தில் நாய்க்கு மீதிச் சோறு வைப்பார்கள். அவள் கண்முன் நிறுத்தும் காட்சி வேறு. மேஜையின்கீழ் இருக்கும் குட்டிகள், பிள்ளைகள் சிந்துகிற துணிக்கைகளை, பிள்ளைகள் சாப்பிடும்போதே தின்கின்றன; பிள்ளைகளின் தட்டில் ஒன்றும் குறைவதில்லை, குட்டிகள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. இயேசு சொன்ன உவமையை மறுக்காமல், அந்த உவமைக்குள்ளேயே தன் மகளுக்கு ஓர் இடத்தை அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். மாற்குவில் அவர், "நீ சொன்ன இந்த வார்த்தையினிமித்தம் போகலாம்" என்கிறார். நற்செய்தி நூல்களில் இயேசு ஒருவருடைய மறுமொழியை ஏற்று இப்படிச் சொல்லும் இடங்கள் மிக அரிது.

மாற்கு இந்த ஏழு வசனங்களுக்குள் சிறுமை வடிவச் சொற்களை அடுத்தடுத்து வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. மகள் என்று மட்டும் எழுதாமல் "சிறுமகள்", நாய் என்னாமல் "நாய்க்குட்டி", அப்பத்துண்டு என்னாமல் "அப்பத்துணுக்கு" என்ற பொருள்படவே அவர் கிரேக்கத்தில் எழுதுகிறார். சின்னஞ்சிறு சொற்களால் கட்டப்பட்ட ஒரு பகுதி இது.

தாழ்மை என்றால் தன்னை இழிவாக எண்ணிக்கொள்வதா?

அவள் சொன்ன பதிலின் தொடக்கத்தில் வரும் இரண்டு சொற்களை மறுபடியும் பாருங்கள்: "மெய்தான்", "ஆகிலும்". தனக்கு உரிமையில்லை என்பதை ஒத்துக்கொள்ளும் தாழ்மை "மெய்தான்" என்ற சொல்லில் இருக்கிறது. அவர் கொடுப்பவர் என்ற நம்பிக்கை "ஆகிலும்" என்ற சொல்லில் இருக்கிறது. "மெய்தான்" என்பதோடு நின்றுபோகிறவர்கள் நம்மிடையே அநேகர். நான் பாவி, எனக்குத் தகுதியில்லை, என் ஜெபம் எங்கே கேட்கப்படப் போகிறது என்று சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். அது பார்வைக்குத் தாழ்மைபோல இருக்கும். ஆனால் கர்த்தருடைய இரக்கத்துக்கு நாமே ஓர் எல்லை வைப்பதாக முடிந்துவிடுகிறது. தன்னையே வெறுக்கிற ஒருத்தியால் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு மரியாதையோடு, ஒரு போதகரின் பேச்சுக்கு மறுமொழி சொல்ல முடிந்திருக்காது.

மத்தேயு நற்செய்தியில் இதற்கு ஒரு துணை உண்டு. கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி (8:5–13), தன் வீட்டுக்குள் அவர் வருவதற்குத் தான் பாத்திரன் அல்ல என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை மாத்திரம் கேட்கிறான். அவனும் புறஜாதியான், அவன் கேட்டதும் தூரத்தில் கிடந்த வேறொருவருக்காக, அவனையும் இயேசு இஸ்ரவேலருக்குள்ளும் காணாத விசுவாசமுள்ளவன் என்று மெச்சினார். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் மக்கள் சொல்லும் ஜெபம் இந்த மனிதனின் வார்த்தைகளிலிருந்தே வந்தது. இதற்கு எதிராக, கடலின்மேல் நடக்கத் தொடங்கி அமிழ்ந்த பேதுருவை, கானானியப் பெண்ணுக்கு ஓர் அதிகாரம் முன்புதான் (14:31), "அற்பவிசுவாசியே" என்று அழைத்தார் இயேசு. கூடவே நடந்தவருக்கு அற்பவிசுவாசம், வெளியே நின்றவளுக்குப் பெரிய விசுவாசம் என்று மத்தேயு அடுத்தடுத்து வைத்திருப்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை.

"துணிக்கை" என்ற சொல் வேறு எங்கே வருகிறது?

தமிழில் வாசிக்கிற நமக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. கிரேக்கத்தில் மேஜையிலிருந்து விழும் துணுக்குக்கு ஒரு சொல்லும், ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பின் எஞ்சிய துண்டுகளுக்கு வேறொரு சொல்லும் இருக்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் "துணிக்கை" என்றே எழுதுகிறது. ஆகவே 14ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு கூடை நிறையத் துணிக்கைகள் எடுத்ததைப் படித்த தமிழ் வாசகர், அடுத்த அதிகாரத்தில் இந்தப் பெண் துணிக்கையைக் கேட்கும்போது, இவளுக்குக் கொடுக்கவா இல்லை என்று இயல்பாகவே நினைப்பார். அவளுக்குப் பின்னும் அதே அதிகாரத்தில் நாலாயிரம் பேர் சாப்பிட்டு ஏழு கூடை மீதியாகிறது. யோவான் 6:12இல் இயேசு, ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொல்லுகிறார். ஐந்து அப்பத்தைப் பல்லாயிரம் பேருக்குப் பெருக்கிக் கொடுக்க வல்லவர் துணுக்குகளைப் பொறுக்கச் சொல்கிறாரே என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

துணிக்கையும் அப்பமும் ஒரே மாவு, ஒரே அடுப்பு. அந்தப் பெண்ணின் விசுவாசம் இதைத்தான் அறிந்திருந்தது. அவரிடமிருந்து வருகிற எதுவானாலும், அளவு எவ்வளவு சிறிதானாலும், பிசாசின் பிடியிலிருந்து தன் மகளை மீட்க அது போதும் என்று அவள் நம்பினாள்.

விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது கடவுளை நச்சரிப்பது ஆகாதா?

மத்தேயு 6:7 வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்கிறது. லூக்கா 18:1 சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபிக்கச் சொல்லுகிறது. இரண்டையும் சொன்னவர் ஒருவரே. அதிக வார்த்தைகளால் தேவனை வசப்படுத்தலாம் என்ற எண்ணத்தை முதலாவது வசனம் தடுக்கிறது. பதில் வரவில்லை என்று உறவை அறுத்துக்கொள்ளும் எண்ணத்தை இரண்டாவது தடுக்கிறது. கானானியப் பெண்ணின் ஜெபம் போகப்போகச் சுருங்குவதைப் பாருங்கள். முதலில் பட்டப்பெயர், வேண்டுதல், நோயின் விவரம் எல்லாம் இருந்தன. இரண்டாவது முறை "ஆண்டவரே, எனக்கு உதவிசெய்யும்" என்பதோடு சரி. மகளுக்கு என்றுகூட அவள் சொல்லவில்லை. மகளின் வேதனையும் தன் வேதனையும் ஒன்றாகிவிட்டன. மருத்துவமனை வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

விடாமல் கேட்டும் கிடைக்காவிட்டால்?

கிடைக்காமல் போனவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள், அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்ல. மாம்சத்திலே கொடுக்கப்பட்ட முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12:7–9). முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் இயேசுவே மூன்று முறை, கூடுமானால் இந்தப் பாத்திரம், அதாவது வரவிருந்த பாடுகள், நீங்கட்டும் என்று ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை.

"உன் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் உன் பிள்ளை பிழைக்கவில்லை" என்று துக்க வீட்டில் சொல்லுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். கானானியப் பெண்ணின் கதையை ஆதாரமாகக் காட்டிச் சொன்னவர்களும் உண்டு. அது கொடுமை; இந்தப் பகுதி அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவளுடைய விசுவாசம் பெரிது என்று இயேசு சொன்னது அவள் மகள் குணமாவதற்கு முன்பு. விடுதலையைக் கண்ணால் காணுமுன்னே, ஒரு "இல்லை"யைக் கேட்டும் அவரைவிட்டுப் போகாமல் நின்றதையே அவர் பெரிது என்றார். அப்படி நின்று, பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே இருக்கையில் வந்து உட்காரும் தகப்பனுடைய விசுவாசமும் பெரியதுதான் என்று நான் நம்புகிறேன்.

சிறிய நன்மைகள் என்று எவற்றை எண்ணுவது?

இதே சீதோன் நாட்டில், பல நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பஞ்சகாலத்தில் சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா அப்பம் கேட்டபோது, பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான் இருக்கின்றன என்றாள் அவள் (1 இராஜாக்கள் 17). மழை பெய்யும் நாள்வரை அந்த மாவு செலவழிந்துபோகவும் இல்லை, எண்ணெய் குறைந்துபோகவும் இல்லை. அவளுடைய வீட்டில் களஞ்சியம் நிரம்பியதாக வேதம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பானைக்குள் கைவிட்டால் அன்றைக்கு வேண்டியது இருந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவும் அப்படியே. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, மறுநாளுக்கு வைத்தால் பூச்சிபிடித்தது, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்தது. கர்த்தருடைய ஜெபத்தில் லூக்கா "அன்றன்று" என்று எழுதுவதும் இந்த மரபின் தொடர்ச்சி.

ஆகவே சிறிய நன்மை என்றால் அன்றன்றைக்கு வருவது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். காய்ச்சல் விட்ட காலை. மாதக் கடைசியிலும் மளிகைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கடன் கொடுத்தது. வெகுநாள் பேசாதிருந்த தம்பி தொலைபேசியில் அழைத்து "அக்கா, சாப்பிட்டியா" என்று கேட்டது. என் அம்மா உலை கொதிக்கும்போதும், பேருந்தில் இடம் கிடைத்தாலும், கையிலிருந்த தட்டு விழுந்து உடையாமல் பிழைத்தாலும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். சிறுவயதில் எனக்கு அது பழக்கத்தில் வரும் சொல்லாகவே பட்டது. கடைசி ஆண்டுகளில் படுக்கையிலிருந்து எழ முடியாதபோதும், தலையணையைத் திருப்பிப் போட்டதற்கு அதே குரலில் அதே சொல்லைச் சொன்னார். அது வாழ்நாள் முழுக்கக் கற்ற பாடம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெரிய அற்புதங்களையே சாட்சியாகச் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரிய சாட்சிகளையே கேட்டுப் பழகிய சபையில், சாதாரண நாளைக் கடந்து வந்தவர் தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார். இந்த வாரம் வீட்டில் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து இரண்டு முறை சாப்பிட்டோம், அதற்காக ஸ்தோத்திரம் என்று ஒரு சகோதரி எழுந்து சொன்னால், போதகர் அடுத்தவரை அழைக்க அவசரப்படாமல் இருப்பது நல்லது.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றால் துன்பத்துக்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும்" என்கிறது. அதாவது எந்த நிலைமைக்குள் இருந்தாலும். எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று சிலர் உடனே கேட்பார்கள். ஆம், இருக்கிறது, ஆனால் அதே பவுல் பலவிதத் துன்பங்களைச் சத்துருவின் வேலை என்றும் பேசுகிறார், தன் முள்ளைச் "சாத்தானுடைய தூதன்" என்றே அழைக்கிறார். கானானியப் பெண் தன் மகளின் வேதனைக்காக நன்றி சொல்லவில்லை. அதிலிருந்து விடுதலை கேட்டு அலறினாள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்காக ஸ்தோத்திரம் செய் என்று ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

அப்படியானால் ஏழைகளிடம் "துணிக்கை போதும்" என்று சொல்ல இந்தப் பகுதியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அவள் தன்னைக் குறித்துச் சொன்னதை, மேஜையில் அமர்ந்திருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்ல எந்த உரிமையும் இல்லை. ஐசுவரியவானின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளால் பசியாற்ற ஆசையாயிருந்த லாசருவைப் பற்றி லூக்கா 16இல் இயேசு சொல்லுகிறார். அங்கும் மேஜை இருக்கிறது, துணிக்கைகள் இருக்கின்றன, நாய்கள்கூட இருக்கின்றன. அந்தக் கதையில் நியாயத்தீர்ப்பு அடைந்தவன் மேஜைக்குச் சொந்தக்காரன்.

நம் சபைகளுக்கு இதில் ஒரு பழைய கடன் உண்டு. சாதிக்கொரு பக்கமாக உட்காரவும், திருவிருந்துப் பாத்திரத்தை வரிசை பார்த்து வாங்கவும் பழகியிருந்த தென்னிந்தியச் சபைகளுக்குக் கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டு ஒரு கடிதம் எழுதி, சாதி வேறுபாடு திருச்சபையில் உடனடியாக முற்றிலும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்துவின் மேஜையில் தங்கள் முறை வரட்டும் என்று காத்திருக்கும்படி சக விசுவாசிகளிடம் சொன்னவர்கள், "முந்தி" என்ற சொல்லை இயேசுவிடமிருந்து பறித்துத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இயேசு அந்தப் பெண்ணின் ஒரு பதிலுக்கே அந்த வரிசையை விட்டுக்கொடுத்தார்.

திருவிருந்து ஆராதனையில் இந்தப் பெண்ணின் வார்த்தைகள் வருகின்றனவா?

வருகின்றன. உமது மேஜையின்கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்குவதற்கும் நாங்கள் பாத்திரர் அல்ல என்ற பொருளில் அமைந்த ஜெபம், இங்கிலாந்தின் பேராயர் தாமஸ் கிரான்மர் காலத்தில், 1548ஆம் ஆண்டின் திருவிருந்து முறைமையில் முதன்முதலில் இடம்பெற்றது. பிறகு பொது ஜெபப் புத்தகத்துக்குள் வந்து, ஆங்கிலிக்க மரபில் வளர்ந்த தமிழ்ச் சபைகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஜெபமும் "மெய்தான்" என்பதோடு நிற்பதில்லை. பாத்திரர் அல்ல என்று சொன்ன கையோடு, எப்போதும் இரங்குவதே உமது சுபாவம் என்று தொடர்கிறது. பிறகு மக்கள் எழுந்து மேஜைக்குப் போகிறார்கள். துணுக்குக்கும் தகுதியில்லை என்று சொன்னவர்களுக்கு அப்பமே கொடுக்கப்படுகிறது.

நன்றியை எப்படிச் செயலில் காட்டுவது?

சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததும் காணிக்கையாகக் கொண்டுவரும் பிடியரிசி வழக்கத்தை விடச் சிறந்த ஒன்றை நான் அறியேன். மிசோரம் மலைகளில் கிறிஸ்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டு முதல் இதைச் செய்துவருகிறார்கள். அந்தப் பிடியரிசி சேர்ந்துசேர்ந்து நற்செய்திப் பணிக்குப் பெரும் பொருளாக ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சபைகளிலும் பாட்டிமார் காலத்தில் இது பரவலாக இருந்தது. ரொக்கக் காணிக்கைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாதத்துக்கு ஒருமுறை உறைக்குள் பணம் வைப்பவர் மாதத்துக்கு ஒருமுறை நினைக்கிறார். அரிசிப் பானைக்குள் கைவிடும்போதெல்லாம் ஒரு பிடி எடுப்பவர், இன்றைக்கும் பானையில் அரிசி இருக்கிறது என்பதைக் கையாலேயே உணர்கிறார். சாறிபாத் விதவையும் அப்படித்தான் உணர்ந்திருப்பாள்.

பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன் (லூக்கா 17). "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார். அந்த ஒன்பதுபேரிடமிருந்து சுகம் பறிக்கப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. நன்றி சொல்லாதவர்களுக்கும் அவர் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதில்லை. எனக்கு நன்றி சொல்லத் தோன்றுவதே அதனால்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

வேதத்தில் இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய நூல் அவளை யுஸ்தா என்றும், மகளைப் பெர்னீக்கே என்றும் அழைக்கிறது. அது பிற்கால மரபு.

மகள் குணமானதை அவள் எப்போது அறிந்தாள்?

அந்நேரமே மகள் ஆரோக்கியமானாள் என்று மத்தேயு முடித்துவிடுகிறார். மாற்கு அவளை வீடுவரை அனுப்பிவைக்கிறார். போகலாம் என்று இயேசு சொன்னபோது அவள் கையில் ஒன்றும் இல்லை; அவர் கூட வரவில்லை, பிள்ளையின்மேல் கைவைக்கவில்லை, அடையாளம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, மறுபடி கேட்காமல், அவ்வளவு நேரம் விடாமல் கூப்பிட்டவள் அமைதியாகத் திரும்பிப் போகிறாள். அந்த வழி எவ்வளவு தூரம் என்று மாற்கு எழுதவில்லை. வீட்டுக்கு வந்தபோது, பிசாசு நீங்கியிருக்கிறதையும், மகள் கட்டிலின்மேல் படுத்திருக்கிறதையும் அவள் கண்டாள்.